110 பவுண்டு பழைய காரில் தொடங்கிய கதை: யார் இந்த புரூஸ் மெக்லாரன்?

மெக்லாரன்னு சொன்னா உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? பப்பாளிப் பழ நிறத்தில் சீறிப் பாயும் ஃபார்முலா ஒன் கார். அயர்ட்டன் சென்னா, லூயிஸ் ஹாமில்டன் மாதிரி பெயர்கள். இல்லைன்னா, கோடிக்கணக்கில் விலை சொல்லும் சூப்பர் கார்.

ஆனா இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் கையில் முதலில் கிடைத்தது கோடி ரூபாய் கார் கிடையாது. பார்ட் பார்ட்டாகக் கழற்றிப் போட்டிருந்த, 20 வருஷம் பழைய ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார். அதை மாட்டி, கழற்றி, மாற்றி, மறுபடி மாட்டிப் பழகிய ஒரு பையன்தான் பின்னாளில் புரூஸ் மெக்லாரன் ஆனார். 32 வயதில் அவர் உயிர் போனதும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தபோதுதான்.

அப்படி அந்தப் பழைய காரில் என்ன இருந்தது? பார்க்கலாம்.

படுக்கையில் கழிந்த பால்யம்

1937 ஆகஸ்ட் 30. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பிறந்தார் புரூஸ். அப்பா லெஸ், அம்மா ரூத். ரெமுவேரா பகுதியில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பெட்ரோல் பங்க்கும் ஒர்க் ஷாப்பும் இருந்தன. அப்பாவுக்கு ரேஸ் பைத்தியமும் உண்டு. ஆக, கிரீஸ் வாசனையிலேயே வளர்ந்த பையன்.

ஓடி ஆட வேண்டிய 9 வயதில் இடி விழுந்தது. இடுப்பில் வலி. டாக்டர்கள் சோதித்துப் பார்த்து, பெர்தெஸ் நோய் என்றார்கள். தொடை எலும்பின் மேல்முனை, இடுப்புக் குழிக்குள் ஒரு பந்து மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்தப் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு நொய்ந்துபோவதுதான் இந்த நோய். குழந்தைகளுக்குத்தான் வரும்.

இன்றைய சிகிச்சைகள் அன்றைக்கு இல்லை. எலும்பு தானாகத் தேறும் வரை காலை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். டகபுனாவில் இருந்த வில்சன் ஹோம் என்ற குழந்தைகள் மருத்துவ இல்லத்தில், கால்களை ஒரு சட்டத்தில் கட்டி, மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்லை. ஏறக்குறைய ரெண்டு வருஷம்!

அங்கேயும் பையன் சும்மா இருக்கவில்லை. படுக்கைகளுக்குச் சக்கரம் இருந்தது. போதாதா? மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து அந்தச் சக்கரப் படுக்கையிலேயே ரேஸ் விட்டான்.

ஒருவழியாக எழுந்து நடந்தபோது இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் குட்டையாகிவிட்டிருந்தது. அந்தச் சாய்வு நடை கடைசி வரை அவரை விடவில்லை. பள்ளிக்கூடத்து ரக்பி டீமில் சேர்ந்து ஓடும் கனவும் அதோடு முடிந்தது. ஓட முடியாத பையனுக்கு, ஓடக்கூடிய ஒரு பொருள் தேவைப்பட்டது.

வந்தது ஆஸ்டின் 7 அல்ஸ்டர்

அப்போதுதான் அப்பா லெஸ் ஒரு காரை விலை பேசினார். 1929-ம் வருஷத்து ஆஸ்டின் 7 அல்ஸ்டர். விலை 110 பவுண்டு. கார் என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும். வந்து இறங்கியது என்னவோ உதிரி உதிரியான பாகங்கள். சரிசெய்து நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. மகனின் கணக்கு வேறு. விற்க வேண்டாம், நானே வைத்துக்கொள்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்று சம்மதம் வாங்கிவிட்டான்.

இந்த ஆஸ்டின் 7 பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் மீதிக் கதை புரியும்.

1922-ல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஆஸ்டின் கொண்டுவந்த சின்ன கார் இது. சாமானியர் வாங்கும் விலையில் ஒரு முழு கார் என்பதுதான் நோக்கம். இதை வரைந்து கொடுக்க அவருக்குத் துணை நின்றவர் ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது இளைஞர். இன்ஜின் 747 சிசி. நம்ம மாருதி 800-ன் இன்ஜினே 796 சிசி. அதைவிடச் சின்னது!

1939 வரை லட்சக்கணக்கில் விற்றது. ஜெர்மனியில் லைசென்ஸ் வாங்கி டிக்ஸி என்ற பெயரில் தயாரித்தார்கள். அந்த டிக்ஸி கம்பெனியை 1928-ல் வாங்கித்தான் பிஎம்டபிள்யூ கார் தொழிலுக்குள்ளேயே வந்தது.

அல்ஸ்டர் என்பது இதே காரின் ஸ்போர்ட்ஸ் வடிவம். ரெண்டு சீட், தாழ்வான பாடி, மேற்கூரை கிடையாது. வடக்கு அயர்லாந்தில் நடந்த அல்ஸ்டர் டி.டி. ரேஸில் ஆஸ்டின் நன்றாக ஓடியதால் அந்தப் பெயர்.

ஏன் எல்லோரும் இதையே மாற்றினார்கள்?

புரூஸ் மட்டுமா? இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் காசு இல்லாத, ஆனால் ஆசை இருந்த இளைஞர்கள் ஏராளமானோர் ஆஸ்டின் 7-ஐத்தான் தேடிப் போனார்கள். 1948-ல் லண்டனில் காலின் சாப்மன் என்ற மாணவர் ஒரு பழைய ஆஸ்டின் 7-ஐப் பிரித்து மேய்ந்துதான் தன் முதல் காரைக் கட்டினார். அவர் தொடங்கியதுதான் லோட்டஸ் கம்பெனி.

காரணம் ரொம்ப சிம்பிள். பழைய வண்டி மலிவாகக் கிடைத்தது. உதிரி பாகங்கள் எங்கேயும் கிடைத்தன. எடை குறைவு. எல்லாவற்றையும்விட முக்கியம், பார்த்தாலே புரியும் வண்டி அது. மூடி மறைத்த சமாச்சாரம் எதுவும் இல்லை. ஒரு செட் ஸ்பேனர் இருந்தால் வீட்டுக் கொல்லையிலேயே இன்ஜினை இறக்கலாம்.

சரி, என்னவெல்லாம் மாற்றுவார்கள்?

முதலில் எடை. மட்கார்டு, பம்பர் என்று ஓடுவதற்குத் தேவையில்லாததை எல்லாம் கழற்றிவிடுவார்கள். இன்ஜினை மாற்றாமலேயே வண்டி வேகமாகும்.

அடுத்து சிலிண்டர் ஹெட். அதன் அடிப்பகுதியைக் கொஞ்சமாகச் சீவி எடுத்தால், பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை இன்னும் சின்ன இடத்தில் நெருக்கப்படும். நெருக்கம் கூடினால் வெடிப்பின் வலுவும் கூடும். பிறகு கார்புரேட்டர். ஒன்றுக்குப் பதில் ரெண்டு வைத்தால் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும்.

ஆனா இங்கேதான் சூட்சுமம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உங்களைத் தொடும். ஆஸ்டின் 7-ன் கிராங்க் ஷாஃப்ட்டை ரெண்டே ரெண்டு பேரிங்தான் தாங்கிப் பிடிக்கும். இன்ஜினுக்கு வலுவைக் கூட்டி முடுக்கினால் அது நடுவில் வளையும். ரொம்ப முடுக்கினால் முறியும். பிரேக்கோ கேபிளில் இயங்குவது. மிதித்தால் நின்றாலும் நிற்கும், யோசித்துவிட்டும் நிற்கும். அதனால் வேகத்தைக் கூட்டிய கையோடு நிறுத்துவதற்கும் வழி தேட வேண்டும்.

இந்தக் கணக்கு வழக்கில்தான் ருசியே இருக்கிறது. ஒன்றை மாற்று. ஓட்டிப் பார். என்ன கூடியது, என்ன குறைந்தது என்று கவனி. மறுபடி மாற்று. புத்தகத்தில் படித்தால் தலைக்கு மேல் போகிற விஷயம், சொந்தக் கையில் தீப்புண் பட்டுப் படித்தால் மறக்கவே மறக்காது.

மாதக்கணக்கில் அப்பாவும் பிள்ளையும் அந்த அல்ஸ்டரோடு மல்லுக்கட்டினார்கள். வண்டி உயிர் பெற்றதும், வீட்டுத் தோட்டத்துப் பழமரங்களுக்கு நடுவே எட்டு வடிவத்தில் ஒரு பாதை போட்டான் பையன். லைசென்ஸ் எடுக்கும் வயது வரும் முன்பே அதில் சுற்றிச் சுற்றி, வளைவில் வண்டியை எப்படி வழுக்கவிட்டுப் பிடிப்பது என்று கற்றுக்கொண்டான்.

1952-ல் முரிவாய் கடற்கரை அருகே நடந்த மலையேற்றப் போட்டி அவனுடைய முதல் போட்டி. தன் பிரிவில் முதலிடம்!

கையிலிருந்து கைக்கு மாறிய கார்கள்

அல்ஸ்டருக்குப் பிறகு ஃபோர்டு இன்ஜின் வைத்த ஒரு ஸ்பெஷல் கார். பிறகு ஆஸ்டின் ஹீலி 100. அது அப்பா தனக்காக வாங்கியது. அவருக்கு உடம்பு முடியாமல் போக, ஸ்டியரிங் மகன் கைக்கு வந்தது. அடுத்து, ஆஸ்திரேலிய வீரர் ஜாக் பிராபாமிடமிருந்து ஒரு கூப்பர் ஸ்போர்ட்ஸ் கார். எல்லாமே இன்னொருத்தர் ஓட்டிய பழைய கார்கள். எல்லாவற்றிலும் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தார் புரூஸ்.

நடுவில் ஆக்லாந்தில் இன்ஜினியரிங் படிப்பு. ஆனால் 1958-ல் வேறு கதவு திறந்தது. நியூசிலாந்து வீரர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் போட்டியில் இறக்கும் திட்டம் ஒன்றை அந்நாட்டு கிராண்ட் பிரீ சங்கம் தொடங்கியது. அதில் முதலில் தேர்வானவர் புரூஸ். வயது 20.

அதே வருஷம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், பெரிய கார்களும் சிறிய கார்களும் சேர்ந்து ஓடிய போட்டியில், சின்ன ஃபார்முலா டூ காரில் தன் பிரிவில் முதலிடம், மொத்தத்தில் ஐந்தாமிடம். யாருய்யா இந்தப் பையன் என்று ஐரோப்பா திரும்பிப் பார்த்தது.

1959-ல் கூப்பர் டீமில் இடம் கிடைத்தது. டிசம்பர் 12, அமெரிக்காவின் செப்ரிங். கடைசிச் சுற்றில், முன்னால் போய்க்கொண்டிருந்த பிராபாமின் காரில் பெட்ரோல் தீர்ந்தது. பின்னால் வந்த புரூஸ் முந்தி வென்றார். வயது 22 வருஷம் 104 நாள். ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரீயை வென்ற இளம் வீரர் என்ற அந்தச் சாதனையை 2003-ல் ஃபெர்னாண்டோ அலோன்சோ முறியடிக்கும் வரை, 40 வருஷத்துக்கும் மேல் யாராலும் தொட முடியவில்லை.

சொந்தக் கம்பெனி, மண் தரை ஷெட்

பெயர், புகழ் எல்லாம் வந்தாச்சு. சம்பளத்துக்கு ஓட்டிவிட்டுப் போகலாமே? முடியவில்லை. அடுத்தவர் கட்டிய காரை அப்படியே ஓட்டுவது அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. 1963-ல் புரூஸ் மெக்லாரன் மோட்டார் ரேசிங் என்ற கம்பெனியைத் தொடங்கினார். லண்டன் பக்கம் நியூ மால்டனில், மண் தரை போட்ட ஒரு ஷெட்தான் முதல் இடம்.

தொடக்கமே துக்கத்தோடு வந்தது. 1964 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு பந்தயத்துக்கான பயிற்சியில், அவருடைய டீமின் இளம் அமெரிக்க வீரர் டிம்மி மேயர் இறந்துபோனார். தம்பியை இழந்த அண்ணன் டெடி மேயர் விலகிப் போகவில்லை. புரூஸோடு சேர்ந்து கம்பெனியின் தூணாக நின்றார்.

அந்த வருஷம் புரூஸ் வாங்கிய கார் எது தெரியுமா? மறுபடியும் ஒரு பழைய மாற்றிக் கட்டிய கார்! 1961-ல் விபத்தில் அடிபட்ட ஒரு கூப்பர் ஃபார்முலா ஒன் காரை, அமெரிக்க வீரர் ரோஜர் பென்ஸ்கி வாங்கி, அதற்கு ஸ்போர்ட்ஸ் கார் பாடி போட்டு ஓட்டினார். ஸெரெக்ஸ் ஸ்பெஷல் என்று பெயர். இதெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா என்று மற்றவர்கள் சண்டை போடும் அளவுக்கு ஜெயித்த வண்டி அது.

கை மாறி வந்த அந்தக் காரை புரூஸும் அவருடைய ஆட்களும் குறுக்கே அறுத்தார்கள். நடுப்பகுதிக்குப் புது சேசிஸ் செய்து, உள்ளே ஓல்ட்ஸ்மொபைலின் அலுமினிய வி8 இன்ஜினை இறக்கினார்கள். கனடாவின் மோஸ்போர்ட்டில் போய் ஜெயித்தும் காட்டினார்கள். அதில் கற்றதை வைத்துத்தான் அதே ஆண்டு மெக்லாரனின் முதல் சொந்த ஸ்போர்ட்ஸ் கார் எம்1ஏ பிறந்தது. ரெமுவேரா ஒர்க் ஷாப்பில் செய்ததையே, இப்போது பெரிய அளவில் செய்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு சின்ன மூடி சொன்ன பாடம்

புரூஸின் மூளை எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும்.

ஆரம்பகால ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சோதனைக்காக ஓட்டிக்கொண்டிருந்தார். காரின் முன்பக்கத்தில், பெட்ரோல் ஊற்றும் வாய்க்கு மேல் ஒரு சின்ன மூடி. வேகம் கூடக் கூட அது படபடவென்று மேலே எழும்பியது.

சாதாரண ஆளாக இருந்தால், திரும்பி வந்ததும் ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்கச் சொல்லியிருப்பார். புரூஸ் யோசித்தார். இந்த வேகத்தில் எதிர்க்காற்று மூடியைக் கீழேதானே அழுத்த வேண்டும்? மேலே எழும்புகிறது என்றால், பாடிக்கு உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகம் என்று அர்த்தம். ரேடியேட்டர் வழியாக உள்ளே புகும் காற்று, வெளியேற வழியில்லாமல் தேங்கி, காரின் மூக்கையே தூக்கிக்கொண்டிருக்கிறது!

வண்டியை நிறுத்தினார். தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் பாடியை வெட்டி ஓட்டை போட்டார். காற்றுக்கு வழி கிடைத்தது. மூக்கு ரோட்டோடு ஒட்டிக்கொண்டது. மூக்குத் துவாரம் மாதிரி அன்றைக்குப் போட்ட அந்த ஓட்டைகள், பின்னாளில் எத்தனையோ ரேஸ் கார்களின் அடையாளமாகவே ஆகிவிட்டன.

உச்சம் தொட்ட வருடங்கள்

1966-ல் ஃபோர்டு ஜிடி40 காரில் கிறிஸ் ஏமனுடன் சேர்ந்து லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். ஃபோர்டு வி ஃபெராரி படம் பார்த்தவர்களுக்கு அந்தப் போட்டி தெரிந்திருக்கும். படம் கென் மைல்ஸின் பக்கம் நின்று கதை சொல்லும். கோப்பையை வாங்கிப் போனது நம்ம புரூஸ்தான்.

அதே 1966-ல் மொனாக்கோவில், மெக்லாரன் பெயரில் முதல் ஃபார்முலா ஒன் கார் களமிறங்கியது. 1968-ல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில் மெக்லாரன் காரின் முதல் ஃபார்முலா ஒன் வெற்றி. ஓட்டியவர் புரூஸ். தன் பெயர் எழுதிய காரில் தானே ஜெயிப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த கேன் ஆம் தொடரில் மெக்லாரன் வைத்ததுதான் சட்டம். ராட்சச இன்ஜின்கள், கட்டுப்பாடுகள் ரொம்பக் குறைவு. மாற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு போட்டி. 1967-ல் சாம்பியன் புரூஸ். 1968-ல் அவருடைய நண்பரும் சக நியூசிலாந்துக்காரருமான டென்னி ஹல்ம். 1969-ல் மறுபடி புரூஸ். அந்த ஆண்டு மொத்தம் 11 பந்தயங்கள். பதினொன்றிலும் மெக்லாரன் கார்தான் முதலிடம்!

ஜூன் 2, 1970

1970 சீசனுக்காகப் புதிதாக எம்8டி என்ற கேன் ஆம் கார் தயாரானது. இங்கிலாந்தின் குட்வுட் ட்ராக்கில் சோதனை. பந்தயம் கிடையாது. பார்வையாளர் கூட்டம் கிடையாது. மாற்று, ஓட்டு, நிறுத்து, மறுபடி மாற்று. அவருக்கு ரொம்பப் பிடித்த வேலை.

நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, காரின் பின்பக்க பாடி பிய்த்துக்கொண்டு எழும்பியது. காரை ரோட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த காற்றின் பிடி அந்த நொடியே விட்டுப்போனது. கட்டுப்பாடு இழந்த கார், ட்ராக் ஓரத்துத் தடுப்பில் மோதியது. புரூஸ் அங்கேயே இறந்துபோனார்.

ஒரு சின்ன மூடி எழும்பியதைப் பார்த்துக் காற்றின் கணக்கைக் கண்டுபிடித்தவர். அதே காற்று இன்னொரு நாள் கணக்கைத் தவறவிட்டது. அவருக்கு வயது 32. வீட்டில் மனைவி பேட்டி, 4 வயது மகள் அமாண்டா.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. வண்டியை மாற்றிப் பார்க்கும் சுகத்துக்குள் எப்போதும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நீங்கள் மாற்றியது தாங்குமா, தாங்காதா? அதற்கான பதில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். புரூஸ் அந்தச் சோதனையைப் பெரும்பாலும் அடுத்தவரிடம் தள்ளிவிடவில்லை. தானே உட்கார்ந்து ஓட்டினார். அந்தப் பொறுப்புக்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரியது.

அதன் பிறகு?

12 நாள்தான் இடைவெளி. ஜூன் 14, மோஸ்போர்ட்டில் கேன் ஆம் தொடரின் முதல் போட்டி. டென்னி ஹல்மின் கைகள் சில வாரங்களுக்கு முன் இண்டியானாபொலிஸில் தீக்காயம் பட்டு இன்னும் ஆறவில்லை. கம்பெனி மூடிவிடும் என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஒர்க் ஷாப் ஆட்கள் வேலைக்குத் திரும்பி, கார்களைத் தயார் செய்து, கடல் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அமெரிக்க வீரர் டேன் கர்னி மெக்லாரனை ஓட்டி ஜெயித்தார். காயக் கையோடு ஓட்டிய ஹல்ம் மூன்றாமிடம் பிடித்து, அந்த ஆண்டின் சாம்பியனாகவும் ஆனார். அந்த டீம்தான் இன்றைக்கும் ஃபார்முலா ஒன்னில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் இருக்கிறது இன்றைய மெக்லாரன் தலைமையகம். கண்ணாடிச் சுவர், பளபளக்கும் தரை. உலக சாம்பியன்கள் ஓட்டிய கார்கள் அங்கே வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றோடு, ஒல்லியான சக்கரங்களோடு ஒரு குட்டி காரும் நிற்கிறது.

110 பவுண்டுக்கு உதிரி உதிரியாக வந்து இறங்கிய அந்த ஆஸ்டின் 7 அல்ஸ்டர்தான் அது. சரிசெய்து விற்றுவிடலாம் என்று அப்பா நினைத்த கார். விற்காமல் விட்டது நல்லதாப் போச்சு!